'இல்மாட்டிக்' கேட்டவர்கள் ஏன் ஒத்துப்போவதில்லை? பீட், சாம்பிள், ஃப்ளோ பற்றி ஓர் எளிய விளக்கம்

என் சித்தி பதினைந்து வருடம் வாய்ப்பாட்டு கற்றவர். ஒரு தீபாவளி விடுமுறையில் அவர் காதில் ஹெட்போனை மாட்டி, நாஸ் என்ற நியூயார்க் ராப்பரின் 'இல்மாட்டிக்' ஆல்பத்தைப் போட்டுவிட்டேன். பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, "பையன் யார் மேலயோ கோவமா இருக்கான், அது புரியுது. பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றார்.

அலுவலக நண்பர் ஒருவரின் குறை வேறு. "பியானோ ஒருத்தரோடது, டிரம்ஸ் இன்னொருத்தரோடது, கடைசிப் பாட்டுல மைக்கேல் ஜாக்சன் வேற எட்டிப் பாக்குறாரு. இவங்க சொந்தமா என்னதான் பண்ணாங்க?" மாமா பையனுக்கோ குறையே இல்லை. "வேற லெவல் ஆல்பம்ணா, லிரிக்ஸ் எல்லாம் தீ!" எந்த வரி என்று கேட்டேன். போனை எடுத்துத் தேட ஆரம்பித்துவிட்டான்.

1994 ஏப்ரல் 19இல் வந்த ஆல்பம் இது. பத்தே ட்ராக், நாற்பது நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. ராப் அடங்கிய ஹிப்-ஹாப் இசையில் மிகச் சிறந்தது எது என்ற பேச்சு எழும் இடத்தில் எல்லாம் இதன் பெயர் வரும். கூடவே "அப்படி என்ன இருக்கு இதுல?" என்ற கேள்வியும் வரும். பாதிச் சண்டை ரசனை வேறுபாட்டால் வருவதில்லை. பீட், சாம்பிள், ஃப்ளோ என்ற மூன்று சொற்களை ஆளுக்கொரு பொருளில் பயன்படுத்துவதால் வருகிறது. அந்த மூன்றையும் புரிந்துகொண்ட பிறகும் ஆல்பம் பிடிக்கவில்லை என்றால், அது நியாயமான கருத்து. அதோடு யாரும் மல்லுக்கு நிற்க முடியாது.

பீட்: ஒரே சொல், இரண்டு பொருள்

பாட்டைக் கேட்டுக்கொண்டே தொடையில் தட்டுகிறோமே, அந்த ஒவ்வொரு தட்டும் ஒரு பீட். தமிழில் அடி என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ராப் கேட்பவர்கள் "பீட் சூப்பர்" என்று சொன்னால் அந்தத் தட்டைச் சொல்லவில்லை. குரலை எடுத்துவிட்டால் பின்னால் மிஞ்சுகிற மொத்த இசையையும் சேர்த்துத்தான் பீட் என்கிறார்கள். இனி இந்தக் கட்டுரையில் பீட் என்றால் இந்த இரண்டாவது பொருள்தான்.

பீட்டைச் செய்பவர் புரொட்யூசர். நம் சினிமாவில் காசு போடுபவருக்கு இதே பெயர் இருப்பதால் எப்போதும் ஒரு குழப்பம் வரும். இங்கே அவர் கிட்டத்தட்ட இசையமைப்பாளர். 'இல்மாட்டிக்'கில் அந்த வேலையைச் செய்தவர்கள் லார்ஜ் புரொஃபசர், டிஜே பிரீமியர், பீட் ராக், க்யூ-டிப், எல்.இ.எஸ். ஐந்து பேர். அந்தக் காலத்தில் ஒரு ராப் ஆல்பம் பெரும்பாலும் ஒரே ஆளோ ஒரே குழுவோ செய்ததாகத்தான் இருக்கும். இத்தனை பெரிய கைகள் இருபது வயதுப் பையன் ஒருவனுக்காக வேலை செய்தது அப்போது அபூர்வம். பின்னால் வந்த பல ஆல்பங்கள் இதைப் பார்த்து ஆளுக்கொரு பாட்டாகப் பிரித்துக் கொடுத்து, ஒட்டாத கதம்பமாகிப் போயின. அந்தப் பழியையும் சிலர் 'இல்மாட்டிக்' தலையில் கட்டுவதுண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

சாம்பிள்: புடவையும் பாவாடையும்

நண்பரின் "சொந்தமா என்ன பண்ணாங்க" குற்றச்சாட்டுக்கு வருவோம். அம்மாவின் பழைய பட்டுப்புடவையை வெட்டிப் பெண்ணுக்குப் பாவாடை தைப்பது நம் வீடுகளில் வழக்கம். புடவையை நெய்தது காஞ்சிபுரத்துத் தறி. பாவாடையைத் தைத்தது தெருமுனை டெய்லர். ஜரிகை அவர் நெய்ததல்ல என்பதால் அவர் ஒன்றுமே செய்யவில்லை என்று யாரும் சொல்வதில்லை. எந்த இடத்தில் வெட்டுவது, கரையை எங்கே கொண்டுவருவது, எத்தனை மடிப்பு வைப்பது, எல்லாம் அவர் கை.

ஏற்கெனவே பதிவான ஓர் இசைத்தட்டிலிருந்து சில நொடிகளை எடுத்துப் புதிய பாட்டில் பயன்படுத்தினால், அந்தத் துண்டுக்குப் பெயர் சாம்பிள். அதைச் சுற்றிச் சுற்றி வரும்படி அமைத்தால் அது லூப்.

இந்தப் பழக்கம் கணினியில் பிறக்கவில்லை. 1973 ஆகஸ்ட் 11 அன்று, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் செட்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில் ஒரு விருந்து நடந்தது. தட்டுகளைப் போட்டவர் கூல் ஹெர்க். ஃபங்க் என்ற ஆட்ட இசையின் தட்டுகளில் மற்ற கருவிகள் ஒதுங்கி டிரம்ஸ் மட்டும் சில நொடி தனியே ஒலிக்கும் இடம் வரும்போதுதான் ஆடுபவர்கள் துள்ளுகிறார்கள் என்பதை அவர் கவனித்திருந்தார். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேடையில் வைத்து, ஒன்றில் அந்த இடம் முடிந்ததும் மற்றதில் அதே இடத்தைத் தொடங்கும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். ஐந்து நொடி ஐந்து நிமிடமானது. அந்த நாளைத்தான் ஹிப்-ஹாப்பின் பிறந்தநாள் என்று கொண்டாடுகிறார்கள். அடுத்த மாதமே, செப்டம்பர் 14 அன்று நாஸ் பிறந்தார் என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம்.

'இல்மாட்டிக்'கில் நான்காவதாக வரும் 'தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்' பாட்டில் ஓடும் பியானோ, ஜாஸ் கலைஞர் அஹ்மத் ஜமாலின் மூவர் குழு 1970இல் வெளியிட்ட ஒரு பதிவிலிருந்து வந்தது. மூலத்தில் அந்த இடம் ஆறு மாதிரி ஓடிக் கடந்துவிடும். பீட் ராக் அதில் ஒரு கை நீரை அள்ளி நிறுத்தி வைத்தார். கடந்து போகவேண்டிய ஒன்று போகாமல் நிற்கும்போது அதில் ஓர் ஏக்கம் சேர்ந்துவிடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், மூலம் மகிழ்ச்சியானதாகவும் நகல் சோகமானதாகவும் தோன்றும். ஸ்வரங்கள் என்னவோ அவைதான்.

கடைசிப் பாட்டில் எட்டிப் பார்க்கும் மைக்கேல் ஜாக்சன், 1982இல் வந்த 'திரில்லர்' ஆல்பத்தின் 'ஹியூமன் நேச்சர்' பாட்டுக்காரர். இதே பாட்டை 1993இல் எஸ்டபிள்யூவி என்ற பெண்கள் குழுவின் ஒரு ரீமிக்ஸிலும் சாம்பிளாக எடுத்தார்கள். அங்கே அது காதல் பாட்டு, வெல்லப்பாகு. லார்ஜ் புரொஃபசர் கையில் அதே பாட்டு கனத்த டிரம்ஸுக்குமேல் கெத்தாக நடக்கிறது. ஒரே புடவை, இரண்டு டெய்லர்.

பத்து நொடிப் பெட்டி

"ஒரே துண்டு சுத்திச் சுத்தி வருது, போர் அடிக்குது" என்பது அடுத்த குறை. இதற்குப் பாதிக் காரணம் ரசனை, பாதிக் காரணம் ஒரு பெட்டி.

சாம்பிளைப் பிடித்து வைத்து, விசையைத் தட்டினால் திருப்பி ஒலிக்கும் கருவிக்குச் சாம்பிளர் என்று பெயர். அக்காலத்து நியூயார்க் புரொட்யூசர்களிடம் பிரபலமானது, 1987இல் வந்த எஸ்பி-1200. பீட் ராக் இதற்குப் பேர்போனவர். இதன் மொத்தக் கொள்ளளவு சுமார் பத்து நொடி. ஒரு பாட்டுக்குத் தேவையான டிரம்ஸ், பியானோ, பேஸ் எல்லாவற்றையும் அந்தப் பத்து நொடிக்குள் அடக்கவேண்டும். இன்று நாம் அனுப்பும் "சரி, வந்துட்டேன், கதவைத் திற" வாய்ஸ் மெசேஜே பத்து நொடியைத் தாண்டும்.

ஆகவே ஒரு தந்திரம் செய்தார்கள். நிமிடத்துக்கு 33 சுற்று சுழலவேண்டிய தட்டை 45 சுற்றில் ஓடவிட்டுப் பிடிப்பார்கள். இசை கீச்சுக்குரலில் வேகமாக ஓடிவிடும், பெட்டியில் குறைந்த இடமே பிடிக்கும். பிறகு கருவிக்குள் வேகத்தைக் குறைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவார்கள். பத்து நொடிப் பெட்டியில் பதின்மூன்று நொடிக்குமேல் திணித்தாயிற்று. ஆனால் இழுத்து நீட்டிய துணியில் இழை தெரிவதுபோல ஒலியில் ஒரு சொரசொரப்பு வந்துவிடும். போதாததற்கு அந்தப் பெட்டி ஒலியின் உயரத்தை 4,096 படிகளில்தான் அளக்கும். சிடியில் 65,536 படிகள் உண்டு. படி பெரிதானால் வழவழப்பு போய்விடும்.

தூசு படிந்த, கொஞ்சம் இருண்ட அந்த ஒலியைத்தான் ரசிகர்கள் "நைன்டீஸ் நியூயார்க் சவுண்ட்" என்று கொண்டாடுகிறார்கள். குறைந்த விலை ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு "ரெக்கார்டிங் சரியில்லை" என்பவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். இருவரும் கேட்பது ஒன்றையே.

சட்டப் பக்கத்தையும் ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். புடவை உவமை இங்கே உடையும். புடவை நம் சொத்து, அதை வெட்டலாம். பாட்டு அப்படியல்ல. 1991இல், கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாட்டை பிஸ் மார்க்கி என்ற ராப்பர் அனுமதியின்றி எடுத்தது பற்றி நியூயார்க்கில் ஒரு வழக்கு வந்தது. நீதிபதி தீர்ப்பைத் தொடங்கியதே பைபிளின் "களவு செய்யாதிருப்பாயாக" என்ற கட்டளையோடுதான். அதன் பிறகு மூலத்துக்கு உரியவரிடம் முன்கூட்டியே பணம் கட்டி ஒப்புதல் வாங்குவது வழக்கமானது. இதற்குக் கிளியரன்ஸ் என்று பெயர். டஜன் கணக்கில் சாம்பிள்களை அடுக்கும் பாணி கட்டுப்படியாகாமல் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதுவரை பார்த்தது: குரலுக்குப் பின்னால் இருப்பது பீட். அதில் பெரும்பகுதி சாம்பிள் என்ற பழைய துண்டுகளால் ஆனது. துண்டின் நீளத்தையும் சொரசொரப்பையும் முடிவு செய்ததில் அந்தக் காலத்துக் கருவிக்கும் பங்குண்டு.

ஃப்ளோ: சித்தி தொடையில் தட்டிய கதை

"இது பாட்டே இல்லை, பேச்சு." ராப் பற்றி உலகம் முழுக்கச் சொல்லப்படும் குறை இது. சித்தி சொன்னதும் இதுதான்.

தாம்பரத்துக்கு ஆள் ஏற்றும் ஷேர் ஆட்டோக்காரரை நினைத்துப் பாருங்கள். "தாம்பரம்தாம்பரம்தாம்பரம், ஏறுங்க!" அவர் பாடவில்லை. ஆனால் சாதாரணமாகப் பேசவும் இல்லை. அசைகள் ஓர் ஒழுங்கில் விழுகின்றன. ராகம் இல்லை, தாளம் இருக்கிறது. ராப் அங்கே தொடங்குகிறது.

ராப்பில் நான்கு அடி சேர்ந்தது ஒரு பார். வழக்கமாகப் பதினாறு பார் சேர்ந்தால் ஒரு வெர்ஸ், அதாவது நம் சரணம் மாதிரி. ஒவ்வொரு அடியையும் "தகதிமி" என்று நான்காகப் பிரித்தால் ஒரு பாருக்குள் பதினாறு இடங்கள் கிடைக்கும். எந்த இடத்தில் அசையை வைப்பது, எதைக் காலியாக விடுவது, எங்கே மூச்சு எடுப்பது என்ற தேர்வுக்குப் பெயர்தான் ஃப்ளோ. வேகமாகப் பேசுவதற்குப் பெயர் ஃப்ளோ அல்ல. இந்த ஒரு தவறான எண்ணத்தை யாராவது தலையில் கொட்டித் திருத்தினால் நல்லது.

மறுநாள் இரண்டாவது ட்ராக்கான 'என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்' பாட்டைப் போட்டு, சித்தியை நான்கு எண்ணிக்கையில் தட்டச் சொன்னேன். நிமிடத்துக்கு ஏறத்தாழ 84 அடி, நிதானமான நடை. பாட்டுத் தொடங்கும்போது நாஸ், எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை என்று முணுமுணுப்பார். உடனே பிடித்துக்கொண்டு ஓடுவார். சித்தி புருவத்தை உயர்த்திக்கொண்டே தட்டினார். ஒரு நிமிடம் போயிருக்கும். "சமத்துல வந்து நிப்பான்னு பாத்தா தாண்டிப் போயிடுறானே" என்றார்.

சமம் என்பது தாளச் சுற்று தொடங்கும் முதல் அடி. எந்த விமர்சகரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. எண்பதுகளின் தொடக்க ராப்பில் ஒரு வாக்கியம் ஒரு பாரோடு முடியும். பெட்டி பெட்டியாக அடுக்கியதுபோல இருக்கும். நாஸின் வாக்கியம் பார் எல்லையில் நிற்காது, அடுத்த பாரின் நடுவில் போய் முடியும், அங்கிருந்தே இன்னொன்று தொடங்கும். தாளம் ஒரு கட்டத்தில் ஓட, பொருள் வேறு கட்டத்தில் ஓடும். அந்த இரண்டும் எப்போது சந்திக்கும் என்று காது காத்திருப்பதுதான் இந்த ஆல்பத்தின் சுகம்.

எதுகை தெரிந்தவர்களுக்குப் பாதி வேலை மிச்சம்

ஆங்கிலக் கவிதையில் அடியின் கடைசி ஒலி ஒத்துவருவதுதான் பொது வழக்கம். நம் இலக்கணத்தில் இதற்கு இயைபு என்று பெயர். தொடக்ககால ராப் முழுக்க இயைபுதான். 1987 வாக்கில் ரக்கிம் என்ற ராப்பர் ஒத்த ஒலிகளை வரியின் நடுவிலும் கோக்க ஆரம்பித்தார். நாஸ் அந்தப் பள்ளியில் பாடம் கேட்டவர். வரிக்கு ஓர் அசையாக இருந்த ஒப்புமை மூன்று, நான்கு அசைகளாக நீண்டது.

தமிழில் ஒரு மாதிரி செய்து காட்டுகிறேன்: "பாலத்துக்குக் கீழ... காலத்துக்கும் மீள..." என்று இரண்டு துண்டுகள். பா-கா, லத்-லத், துக்-துக், குக்-கும், கீ-மீ என்று வரிசையாக உயிரொலிகள் ஒத்துப்போகின்றன. 'ழ'வும் 'ள'வும் வேறு எழுத்துதான். தமிழாசிரியர் காதைத் திருகுவார். ராப்பர் கவலைப்பட மாட்டார், அவருக்கு உயிரொலி பொருந்தினால் போதும். நம் எதுகைக்கும் ராப்பின் ஒலி ஒப்புமைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். நமக்கு இரண்டாம் எழுத்தின் மெய் கண்டிப்பாக வேண்டும்.

பாலம் என்று எழுதியது சும்மா வரவில்லை. நாஸ் வளர்ந்தது நியூயார்க்கின் குயின்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பு. குயின்ஸ்பரோ பாலத்தை ஒட்டி 1939இல் திறக்கப்பட்ட அரசு வீடுகள், மூவாயிரத்துக்கு மேல். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர் அவர். எண்பதுகளின் இறுதியில் கிராக் போதைப்பொருள் அந்தத் தெருக்களைச் சூறையாடியது. 1992இல் நெருங்கிய நண்பர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆல்பத்தில் வரும் துப்பாக்கிகளை வெறும் பந்தாவாக எடுத்துக்கொள்பவர்கள் 'ஒன் லவ்' பாட்டைக் கேட்கவேண்டும். சிறையில் இருக்கும் நண்பர்களுக்கு எழுதும் கடிதங்களாகவே அதை அமைத்திருக்கிறார். உன் மகன் பிறந்திருக்கிறான், தெருவில் இன்னார் இப்படி ஆனார் என்று ஊர்ச் செய்தி சொல்லும் குரல். கடைசிப் பகுதியில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனோடு பெஞ்சில் உட்கார்ந்து பேசுவது வரும். எனக்கு ஆல்பத்தின் உச்சம் அதுதான்.

மாமா பையன் ஒருவழியாகத் தேடிப்பிடித்த வரி, தூக்கத்தைச் சாவுக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லி, அதனால் நான் தூங்குவதே இல்லை என்பது. உறங்குவது போன்றதே சாக்காடு என்றார் வள்ளுவர். அங்கே அது ஒரு தெளிவு. இங்கே அதே ஒப்புமை பயமாக மாறி, கண்ணை மூடினால் எவன் வருவான் என்று விழித்திருக்கிறது.

விற்காத ஆல்பம் எப்படிக் கிளாசிக் ஆகும்?

நவம்பர் 1993இல் கலிஃபோர்னியா ராப்பர் ஸ்னூப் டாக்கின் முதல் ஆல்பம் முதல் வாரத்திலேயே எட்டு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அமெரிக்காவின் மேற்குக் கடற்கரை ராப்புக்கு அது பொற்காலம். ஐந்து மாதம் கழித்து வந்த 'இல்மாட்டிக்' முதல் வாரத்தில் ஏறத்தாழ 60,000. ஐந்து லட்சம் பிரதிகளுக்கான தங்கச் சான்று 1996இல்தான் கிடைத்தது, பத்து லட்சத்துக்கான பிளாட்டினம் 2001இல். வெளிவரும் முன்பே திருட்டுப் பிரதிகள் கைமாறிக்கொண்டிருந்ததும் ஒரு காரணம்.

ஆனால் ஹிப்-ஹாப் பத்திரிகையான 'தி சோர்ஸ்', ஆல்பம் வெளிவந்த கையோடு ஐந்துக்கு ஐந்து மைக் (நட்சத்திர மதிப்பெண் மாதிரி) கொடுத்தது. அன்று அந்தப் பத்திரிகையின் மதிப்பெண்ணுக்கு இருந்த மரியாதை பெரிது. சக ராப்பர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தங்கள் வரிகளை மறுபடி பார்த்தார்கள். கிளாசிக் என்ற சொல்லை விற்பனைக்கும் வயதுக்கும் போட்டுக் குழப்புகிறோம். தனக்குப் பின் எழுதுபவர்களின் அளவுகோலை மாற்றிவிட்ட ஆல்பம் என்பதே அதன் உருப்படியான பொருள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கவேண்டிய ஒலிப்பதிவுகளின் 2020ஆம் ஆண்டுப் பட்டியலில் இதைச் சேர்த்தது. அதற்கு முன்பே, 2014இல், வாஷிங்டனின் கென்னடி மையத்தில் தேசிய சிம்பொனி இசைக்குழு வாசிக்க, நாஸ் இந்தப் பாட்டுகளை மேடையேற்றினார். பத்து நொடிப் பெட்டிக்குள் சுழன்றதை ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா உட்கார்ந்து வாசித்தது!

இதனால் எல்லாரும் தலையாட்ட வேண்டும் என்பதில்லை. நாஸின் இரண்டாவது ஆல்பம் 1996இல் பட்டியலில் முதலிடத்தில் நுழைந்தது, முதல் ஆல்பத்தைவிட அதிகமாக விற்றது. வரிகளில் அதுவே மேல் என்று வாதிடும் தீவிர ரசிகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் விஷயமும் இருக்கிறது. எனக்கேகூட 'இல்மாட்டிக்'கின் எட்டாவது ட்ராக் ஒரு தேக்கம்தான். பீட் சோம்பலாகக் கிடக்கிறது. இப்படி எந்த அடுக்கில் குறை என்று சொல்ல முடிந்தால், கருத்துக்கு ஒரு பிடிமானம் கிடைத்துவிடும்.

எங்கிருந்து தொடங்குவது

முதல் ட்ராக் வெறும் முன்னோட்டம், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். நான்காவதிலிருந்து தொடங்குங்கள், அதன் பியானோ யாரையும் விரட்டாது. அடுத்து ஏழாவது, அதாவது 'ஒன் லவ்'. இரண்டாவதுக்கு வரும்போது தொடையில் தட்டிக்கொண்டே கேளுங்கள்.

மூன்றாவது பாட்டைக் கடைசிவரை விடுங்கள். எழுபதுகள் எண்பதுகளின் மெதுவான ஆர்அண்ட்பி பாட்டு ஒன்றின் துண்டு அதில் சுழன்றுகொண்டே இருக்கும். பாட்டு முடியும் தறுவாயில், எக்காளத்தின் தம்பி போன்ற ஒரு குட்டி ஊதுகருவி நுழையும். கார்னெட். அது எந்தத் தட்டிலிருந்தும் வெட்டியெடுத்ததல்ல. இந்தப் பாட்டுக்கென்றே ஸ்டூடியோவில் நின்று வாசித்தது.

சித்தி தட்டுவதை நிறுத்திவிட்டார். "இது திரும்ப வரலையே, யாரு வாசிக்கிறது?"

ஜாஸ் கலைஞர் ஓலு டாரா. பையனோட அப்பா.